எல்லா நாற்காலியும் ஒரே பக்கம்

"வயித்துவலி அக்கா வீடு எது?" என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் தமிழ் பேசுகிற யாரும் கையை நீட்டி வழி காட்டிவிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அக்காவுக்கு இப்போது வயிறும் வலிக்கவில்லை, தலையும் வலிக்கவில்லை. நாற்பத்து நான்கு வயதில் கல்லுக்குண்டாக இருக்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கூரையில் பயிற்சிப் பலகை வைத்த சின்ன வெள்ளைக் கார், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் அக்கா, அவள் காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக். அறுபது வயது அம்மாள்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரவுண்டானாவின் நட்டநடுவில் வண்டி நின்றுபோய், பின்னால் பத்து பேர் ஹாரன் அடிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து "ஒண்ணும் ஆகல, மெதுவா எடுங்க" என்று சொல்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது.

அந்தப் பட்டப்பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

இந்த ஊருக்குக் குடிவந்து பல வருடம் ஆகியும் அக்காவுக்கு இந்த ஊர்ப் பாஷை அரைகுறைதான். கணவர் ரொட்டி ஆலையில் வேலை பார்க்கிறார். அவருக்கு ரொட்டி சம்பந்தமான வார்த்தைகள் மட்டும் தண்ணீர்பட்ட பாடு. ஆகவே, அப்போது பன்னிரண்டு வயதாகியிருந்த ஒரே மகள்தான் வீட்டுக்கு வெளியுறவுத் துறை அமைச்சர். மின்சார அலுவலகத்தோடு பேசுவது, குழாய் ரிப்பேர்காரரை வரவழைப்பது, வீட்டு உரிமையாளரோடு சண்டை போடுவது எல்லாம் அவள் வாயால்தான் நடக்கும். வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறின வீடுகளில் எங்கேயும் இதே கதைதான். பெரியவர்கள் தமிழில் முணுமுணுக்க, பிள்ளைகள் அதை ஊர்ப் பாஷையில் எடுத்துச் சொல்ல, காரியம் ஓடும்.

அந்தச் சமயத்தில் அக்காவுக்கு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இரத்தம் பட ஆரம்பித்தது. கணவரோடு சேர்ந்த மறுநாள் கட்டாயம் படும். பயந்துபோய் டாக்டரிடம் போனாள். டாக்டர் மகளைப் பார்த்து என்ன தொந்தரவு என்று கேட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள். ரெட்டைப் பின்னல், மடியில் பள்ளிக்கூடப் பை, கணக்கு நோட்டின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்து எந்தத் தாய் வாய் திறப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

"வயிறு வலிக்குதுன்னு சொல்லு கண்ணு," என்றாள் அக்கா.

மகள் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். மேல்வயிறா, கீழ்வயிறா என்று டாக்டர் கேட்டார். அக்கா பொத்தாம்பொதுவாக வயிற்றைச் சுற்றிக் கையை ஆட்டினாள். மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. வேறு மாத்திரை கொடுத்தார்கள். காரம் தின்னாதே என்றார்கள், அக்காவும் ஒரு மாதம் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டு இளைத்தாள். ஒன்றேகால் வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் தொண்டை வழியாகக் குழாயை விட்டு வயிற்றுக்குள்ளே எட்டிப் பார்த்தார்கள். சங்கதி இருந்த இடம் எது, இவர்கள் தேடப்போன இடம் எது. இரைப்பை பளிச்சென்று இருக்கிறது என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். மகளும் சந்தோஷமாக மொழிபெயர்த்தாள். அக்கா வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதாள்.

காப்பாற்றியது ஒரு நர்ஸ். நறுக்கென்று நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண்மணி. ஒரு நாள் அவள் அக்காவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மகளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து வெளியே உட்கார்ந்து நிரப்பச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். மேசைத் தொலைபேசியில் ஏதோ எண்களை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம்மா. நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேசறேன். நீங்க சொல்லுங்க, நான் அப்படியே நர்ஸ்கிட்ட சொல்றேன்," என்றது ஒரு பெண் குரல்.

ஊர் தெரியாது, பேர் தெரியாது, முகம் தெரியாது. அந்தக் குரலிடம் அக்கா ஒன்றேகால் வருடத்தை மூன்றே நிமிடத்தில் கொட்டித் தீர்த்தாள்.

கருப்பை வாயில் செல்கள் மாற ஆரம்பித்திருந்தன. புற்றுநோய் இன்னும் ஆகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடும். ஒரே காலைப் பொழுதில் அந்த இடத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இது ஒரு கிருமியால் வருவது, பிள்ளைகளுக்கு வளரும் வயதிலேயே போட ஊசி இருக்கிறது, பெரியவர்களுக்கு முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது என்று நர்ஸ் விளக்கினாள். அக்காவுக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடமாக இவ்வளவு சாதாரண விஷயத்தை ஒரு ஜீவன்கூட நமக்குச் சொல்லவில்லையே என்று பல்லைக் கடித்தாள். மகள் கொஞ்சம் பெரியவளானதும் அவளிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள்.

"நான் சரியாத்தானே சொன்னேன்மா," என்றாள் மகள்.

"நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் தப்பாச் சொல்லிக் கொடுத்தேன்."

அதற்கப்புறம் அக்காவின் காரில் ஏறுகிற எந்தப் பெண்ணும் 'வயித்துவலி' என்று வாயைத் திறந்தால் தொலைந்தாள். "நெஜமாவே வயித்துவலியா, இல்ல என் வயித்துவலி மாதிரியா?" என்று அக்கா கேட்பாள். பெயர் அப்படித்தான் ஒட்டியது.

ஆச்சரியம் என்னவென்றால், கேட்டால் சொன்னார்கள். வாய் பூட்டுப் போட்டதுபோல் இருப்பவர்கள் என்று பெயரெடுத்த பெண்கள்கூட, இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறுகிற இடைவெளியில் அடிவயிற்று ரகசியத்தைச் சொல்லிவிட்டு, "இப்ப லெஃப்ட்டா ரைட்டா அக்கா?" என்பார்கள். ஏன் என்று அக்கா வெகுநாள் யோசித்தாள். பிறகு புரிந்தது. காரில் இரண்டு பேரும் ரோட்டைப் பார்க்கிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அன்றைக்குத் தொலைபேசிக் குரலிடம் தான் பேசியதும் அதனால்தானே. அக்காவின் விதி ஒன்றே ஒன்றுதான், "வண்டிக்குள்ள பேசினது வண்டியை விட்டு இறங்காது." செத்தாலும் அதை மீற மாட்டாள்.

சில பேரை ஓட்டுநர் பயிற்சி நேரத்திலேயே நேராகச் சுகாதார நிலையத்துக்கு ஓட்டவைத்துக் கூட்டிப்போனாள். பாடமும் ஆச்சு, பரிசோதனையும் ஆச்சு. வாரத்துக்கு வாரம் பயிற்சிப் பலகை வைத்த கார் தங்கள் வாசலில் வந்து நிற்பதைச் சுகாதார நிலையத்தார் கவனித்துவிட்டார்கள். கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் கொடுத்து, தமிழ்க் குடும்பங்களுக்கு நீங்களே வகுப்பு எடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாக்களுக்கு ஒரு நாள், வளரும் பிள்ளைகளுக்கு ஒரு நாள். இடத்தை மட்டும் உங்கள் ஆட்களே கொடுக்க வேண்டும், அப்போதுதான் உங்கள் ஆட்கள் வருவார்கள் என்பது அவர்கள் கட்சி. தமிழ் மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு கூடம் இருந்தது. மன்றத் தலைவரும் நோட்டீஸைச் சரியாகப் படிக்காமல், சுகாதாரம் என்றால் நல்லதுதானே என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதல் வகுப்பு படுதோல்வி. வட்டமாக உட்கார்ந்தால்தான் மனம் திறக்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அக்காவும் வட்டமாக நாற்காலி போட்டாள். பதினோரு பேர் வந்தார்கள். ஒருத்தி முகம் எதிரே இருப்பவளுக்குத் தெரியும். எதிரே இருப்பவள் இவளுடைய ஓரகத்தியின் சிநேகிதி. 'கருப்பை' என்று அக்கா சொன்னதும் பதினோரு பேரும் ஒரே சமயத்தில் டீ டம்ளருக்குள் குனிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி போன வாரம் மறந்துவிட்டுப்போன குடையை எடுக்க வந்தவள்.

அன்று அக்கா ஆளில்லாத கூடத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு தடதடவென்று நாற்காலிகளை இழுத்தாள். இரண்டிரண்டாக, பஸ்ஸில் இருப்பதுபோல, எல்லாம் முன்சுவரைப் பார்த்தபடி. எல்லாருக்கும் முன்னால், வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் நாற்காலி. படங்கள் சுவரில் விழும், அக்காவும் சுவரைப் பார்த்தே பேசுவாள். கேட்பவள் யார் என்று அக்காவே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

சுகாதார நிலையத்து அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இது என்ன, எல்லாரும் ஊருக்குப் புறப்பட்டாச்சா என்று கேட்டாராம். "ஆமாங்க, பஸ் எடுக்கப் போறோம். உக்காருங்க," என்றாள் அக்கா.

பஸ் வகுப்பு என்று பேச்சுப் பரவி மறுபடி ஆள் சேர்ந்த மூன்றாம் வாரம், நாலாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களுக்கு அரிப்பு இருக்கு. அது கெட்ட நடத்தையாலதான் வருமா?" யாருக்கோ கேட்பதுபோல்தான் முதல் கேள்விகள் எல்லாம் வரும். அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள், "இல்லீங்க. அது சாதாரணமா எல்லாருக்கும் வர்றது. அஞ்சு நாள் மருந்துல சரியாயிடும். தெரிஞ்சவங்ககிட்டச் சொல்லுங்க, பயப்பட வேணாம்னு." பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒரு பெருமூச்சா, நாலைந்தா என்று எண்ண முடியவில்லை. அதற்கப்புறம் நாற்காலி பற்றவில்லை.

பிள்ளைகள் வகுப்புக்கும் அதே பஸ்தான். அதை ஓர் இளம் நர்ஸும், பதினெட்டு வயதாகிவிட்ட அக்காவின் மகளும் சேர்ந்து நடத்தினார்கள். உடம்பு மாறுவது, யாரும் விருப்பமில்லாமல் தொடக் கூடாது என்பது, போனில் பார்க்கிறதெல்லாம் நிஜமில்லை என்பது, சிக்கல் வந்தால் யாரிடம் போவது என்பது எல்லாம் பாடம். இரண்டு வகுப்புக்கும் வாசலில் ஆளுக்கொரு பெட்டி உண்டு. வாயால் கேட்க முடியாததைச் சீட்டில் எழுதிப் போடலாம். மகள் ஒரு நாள் இரண்டு பெட்டிச் சீட்டுகளையும் சமையலறை மேசையில் கொட்டிவிட்டுச் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகள் சீட்டில் பாதிக்கு மேல் 'எங்க அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது' என்று இருந்தது. அம்மாக்கள் சீட்டில் பாதிக்கு மேல் 'என் பிள்ளைக்கு மட்டும் தெரியக் கூடாது' என்று இருந்தது.

மகளின் யோசனையில் ஒரு சின்ன அட்டை அச்சடித்தார்கள். 'எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். என் பிள்ளை வேண்டாம்.' ஊர்ப் பாஷையில் ஒரு பக்கம், தமிழில் மறுபக்கம். ஆஸ்பத்திரியில் வாய் திறக்க வேண்டாம், நீட்டினால் போதும். அட்டை வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் கதவில் ஏறிவிட்டது. அடுத்தது ஊசி. பிள்ளைகளுக்கு அந்தக் கிருமித் தடுப்பூசியைக் கூடத்திலேயே போட நாள் குறித்தாகிவிட்டது. பள்ளிக்கூடம் அனுப்பின சம்மதப் படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு 'வேண்டாம்' என்று குறி போட்டிருந்த நாற்பத்தாறு பெற்றோர் இப்போது 'வேண்டும்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத்தான் தலைவர் பேனா வைக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினார்.

மன்ற அலமாரியில் அக்காவின் வகுப்புச் சாமான் பெட்டி இருந்தது. அதைத் திறந்தவர் உள்ளே ஓர் அழகான பொருளைப் பார்த்தார். ரோஸ் நிறப் பிளாஸ்டிக், அடியில் வெள்ளைப் பீடம், இரண்டு பக்கமும் வளைந்த கைப்பிடிகள், நடுவில் குழி. கூடத்தை இலவசமாகக் கொடுத்ததற்குச் சுகாதார நிலையம் அனுப்பிய நினைவுப் பரிசு என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். மேசைமேல் வைத்து, அதில் மூன்று பேனாவும் ஒரு கத்தரிக்கோலும் செருகினார். ஒன்பது நாள் அந்த மேசையில் கணக்கற்ற பேர் வந்து கையெழுத்துப் போட்டார்கள். பெண்கள் சிலர் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு போனார்கள். தலைவரின் மனைவி, தலைவரம்மாவே இரண்டு முறை அதைத் துணியால் துடைத்து வைத்தாள், மூச்சு விடவில்லை. பத்தாம் நாள் மன்ற உறுப்பினரான பல் டாக்டர் ஒருவர் வந்தார். பேனாவுக்குக் கையை நீட்டினவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"தலைவரே, இது கருப்பை மாடல்."

தலைவர் கெட்டவர் இல்லை. மழையில் நின்று மன்றத்துக் கூரையைத் தானே ஒட்டினவர். ஆனால் மானஸ்தர். ஒன்பது நாள் கருப்பையில் பேனா செருகிய மனிதர் என்கிற பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டதும், அவருக்கு எங்கே கோபப்படுவது என்று தெரியவில்லை. வகுப்பின்மேல் கோபப்பட்டார். நோட்டீஸையும் இப்போதுதான் முழுசாகப் படித்தார். "பாலியல் நலக் கல்வி" என்கிற இரண்டாம் வரியில் அவர் கண் குத்திட்டு நின்றது. மன்றக் கூடத்தில் இது வேண்டுமா என்று முடிவெடுக்க ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவைக் கூட்டிவிட்டார்.

இடம் போனால் திட்டம் போய்விடும் என்று சுகாதார நிலையம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வகுப்பு போகும், ஊசி நாள் போகும், நாற்பத்தாறு பிள்ளைகளின் படிவமும் குப்பைக்குப் போகும். அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரொட்டி ஆலைக்காரர் தன் பங்குக்கு ஒரு பெரிய ரொட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, "சண்டை போடப் போறவ தெம்பா போகணும்," என்றார்.

பொதுக்குழு என்றால் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலிகளை நாலு சுவரையும் ஒட்டிப் போட்டு, நடுவை நோக்கி உட்காருவார்கள். எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும். நடுவில் தலைவரின் மேசை. அன்று எண்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். பிள்ளைகள் வாசல்படியில் நெருக்கியடித்து நின்றார்கள்.

தலைவர் எழுந்தார். பாக்கெட்டிலிருந்து கூடத்துச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் பிடிவாதக்காரன் இல்ல. நம்ம குடும்பங்களுக்கு இந்த மாதிரி வகுப்பு தேவையான்னு ஒரே கேள்விதான். இதனால பிரயோசனம் அடைஞ்சேன்னு எழுந்து சொல்லுங்க. சொன்னா இந்தச் சாவியை இப்பவே அவங்க கையில கொடுத்துடறேன்."

அக்கா எழுந்தாள். "நான் அடைஞ்சேன். எனக்கு வந்ததை நான் மறைக்கல."

"நீங்க நடத்துறவங்கம்மா. உங்க சாட்சி சேராது. வேற யாராவது?"

ஒருவரும் அசையவில்லை. எப்படி அசைவார்கள். எதிரே மாமியார், பக்கத்தில் கொழுந்தன், மூலையில் பையனின் தமிழ் வாத்தியார். அக்கா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கூடத்தில் தன் காரில் அழுதவர்கள் பத்தொன்பது பேர். மருந்து சாப்பிட்டுக் குணமானவர்கள் இருந்தார்கள், பயந்து பயந்து பரிசோதனைக்குப் போய் ஒன்றுமில்லை என்று துள்ளிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள். அவ்வளவு ஏன், தலைவரின் மேசைக்கு நேர் பின்னால், சுவரோரமாக, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த தலைவரம்மா. மாதவிலக்கு நின்று மூன்று வருடம் கழித்து இரத்தம் பட்டதை அந்த அம்மாள் நாலு மாதம் வீட்டில் 'வயித்துவலி' என்றே சொல்லிவந்தாள். ஒரு நாள் ரவுண்டானாவைத் தாண்டும்போது அக்காவிடம் சொன்னாள். கருப்பைக்குள் இருந்த ஒரு சதை வளர்ச்சியை எடுத்துவிட்டார்கள். தலைவரைப் பொறுத்தவரை அன்றைக்கு மனைவி நாள் முழுக்க ரிவர்ஸ் பார்க்கிங் பழகிக்கொண்டிருந்தாள்.

அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சாவி கைக்கு வந்துவிடும். சொல்லத் தொண்டைவரை வந்தது. வலது கால் தானாகத் தரையை அழுத்தி மிதித்தது, காரில் பிரேக் இருக்கும் இடத்தில். வார்த்தை நின்றுவிட்டது. நாற்பத்தாறு பிள்ளைகள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனாலும் கால் அந்த மிதியிலிருந்து எழவில்லை.

"ஒரு வேண்டுகோள்," என்றாள் கடைசியில். "எல்லாரும் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாத் திருப்பிப் போட்டு உக்காரட்டும். யாரும் யாரையும் பாக்க வேணாம். வேணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்கட்டும். நீங்க மட்டும் எண்ணுங்க."

"இது பொதுக்குழும்மா. மியூசிக்கல் சேர் இல்ல," என்றார் தலைவர். சில ஆண்கள் சிரித்தார்கள். தலைவர் சாவியை எடுக்கக் கையை நீட்டினார்.

அப்போது கர்ரென்று ஒரு சத்தம். இரும்பு நாற்காலியின் கால் தரையில் இழுபடுகிற சத்தம். தலைவரம்மா எழுந்து நின்று தன் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்ன பண்றே?" என்றார் தலைவர் தணிந்த குரலில்.

"திரும்பி உக்காந்திருக்கேங்க. நீங்க கேள்வியைத் திரும்பக் கேளுங்க," என்றாள் சுவரிடம்.

எதிர்ச் சுவரில் இன்னொரு நாற்காலி இழுபட்டது. அதற்குப் பக்கத்தில் ஒன்று. பிறகு எது எங்கே என்று சொல்ல முடியவில்லை, நாலு சுவரிலும் இரும்புக் கால்கள் கர்கர்ரென்று தரையைப் பிராண்டின. மாமியார்கள் திரும்பினார்கள். ரொட்டி ஆலைக்காரர் எல்லாரும் பார்க்கும்படி டமாலென்று நாற்காலியைத் தூக்கித் திருப்பினார். சிரித்த ஆண்களும் தனியாக நடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டுத் திரும்பினார்கள். வாசற்படியில் பிள்ளைகள் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அக்காவும் தன் நாற்காலியைத் திருப்பினாள். விதி அவளுக்கும் விதிதான். சுவரில் பெயிண்ட் உரிந்த ஓர் இடம் மட்டும் அவள் கண்முன் இருந்தது.

பின்னால் தலைவர் நிற்கிறார், அவரைச் சுற்றி எண்பது முதுகு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "பிரயோசனம் அடைஞ்சவங்க... கையைத் தூக்குங்க."

துணி உரசுகிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது.

"ஒண்ணு," என்றார் தலைவர்.

அதோடு நின்றுவிட்டது. இரண்டு வரவில்லை. ஒரு கை மட்டும்தான் எழுந்திருக்கிறதோ என்று அக்காவுக்கு வயிற்றைக் கலக்கியது, நிஜ வயிற்றை. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தலைவர் எண்ண ஆரம்பித்தது தனக்கு மிக அருகில் இருந்த கையிலிருந்து.

"ரெண்டு," என்றது அந்தக் குரல். அது வேறு மனிதனுடைய குரல்போல் இருந்தது. "மூணு. நாலு." கூடத்தைச் சுற்றி மெதுவாக நடந்து எண்ணினார். இருபதைத் தாண்டினார். முப்பத்தைந்தைத் தாண்டினார். வாசல்படியில் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினார், அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. "அறுபத்து மூணு," என்று முடித்துவிட்டு நேராக நடந்து வந்தார். அக்காவின் மடியில் சாவி வந்து விழுந்தது. அக்கா அழுதாள், சுவரைப் பார்த்துத்தான்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பெண்கள் கும்பல் கும்பலாக நின்று பேசினார்கள். எவளும் எவளிடமும் 'நீ கை தூக்கினியா' என்று கேட்கவில்லை, ஆனால் எல்லார் நடையிலும் ஒரு மிடுக்கு. தலைவரம்மா கணவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"கார் சாவியைக் குடுங்க. நான் ஓட்டறேன்."

லைசென்ஸ் வாங்கி ஆறு வாரமாகியும் அந்தக் காரை அவள் தொட்டதில்லை. தலைவர் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓட்டுகிற இருக்கையில் அவள், பக்கத்தில் அவர். கதவுகள் சாத்தின. வண்டி கிளம்பவில்லை. முன்கண்ணாடி வழியாக இருவரும் எதிரே இருந்த வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதடு அசைந்தது. வெகுநேரம் அசைந்தது. அவர் ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார், திரும்பவில்லை. இருபது நிமிடம் கழித்துத் தலைவரம்மா இண்டிகேட்டர் போட்டாள், கண்ணாடி பார்த்தாள், தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், வண்டியை எடுத்தாள். தூரத்தில் நின்ற அக்கா, "கிளட்ச்சை மெதுவா விடுங்க," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மெதுவாகத்தான் விட்டாள்.

ஊசி நாளன்று கூடத்து வாசலில் பதிவு மேசை போட்டு உட்கார்ந்தது தலைவர்தான். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து, அலமாரியைத் திறந்து, ரோஸ் நிறப் பொருளை எடுத்துத் துடைத்து, மேசையின் நடுவில் வைத்து, அதில் புதுப் பேனா ஐந்தைச் செருகினார். நாற்பத்தாறு பிள்ளைகளுக்குப் பதிலாக ஐம்பத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு தகப்பன் அதையே உற்றுப் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தலைவரே, இது என்னங்க?"

"கருப்பை," என்றார் தலைவர், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற குரலில். "பேனா அதுல இருக்கு. எடுத்துக் கையெழுத்துப் போடுங்க."